கருவிழியில் படரும் சதை

மூக்கை ஒட்டிய ஓரத்தில் தொடங்கிக் கருவிழியை நோக்கி முக்கோண வடிவில் மெல்லப் படரும் சதை வளர்ச்சியை மருத்துவர்கள் டெரிஜியம் என்பர். இது புற்றுநோயன்று, எனினும் கருவிழியின் வளைவைத் திரித்துப் பார்வையைக் கெடுக்க வல்லது. இதன் முதன்மைக் காரணமாகக் கருதப்படும் புறஊதாக் கதிரின் வலிமை, ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுவதால், கொத்மலை போன்ற மலையகத் தோட்டங்களில் நாள் முழுதும் வெயிலில் கொழுந்து பறிப்போர் இந்நோயை அறிந்திருப்பது அவசியமாகும். நெற்றிப்பொட்டின் பக்கமாக விழும் ஒளியைக் கருவிழிப் படலம் வளைத்து மூக்குப்புற ஓரத்திலேயே குவிக்கிறது என்னும் விளக்கம், சதை பெரும்பாலும் அவ்விடத்தில் தோன்றுவதன் காரணத்தையும், பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடியின் பயனையும் ஒருங்கே புலப்படுத்துகிறது.

கொக்கியால் சதையைத் தூக்கி அறுக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே கூறப்பட்டுள்ளது. அறுப்பதைவிட மீண்டும் வளராமல் தடுப்பதே கடினம். சதையை நீக்கி வெண்விழியைத் திறந்தபடி விட்டுவிடும் பழைய முறையில், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, 24 முதல் 89 சதவீதம்வரை அது திரும்ப வளர்ந்தது. பல வேளைகளில் முன்னையதைவிடத் தடித்தும் சிவந்தும் வளர்ந்தது. கலங்கள் பெருகுவதைத் தடுக்கும் மைற்றோமைசின் மருந்தும் பீற்றாக் கதிர்வீச்சும் இதைக் குறைத்தன என்றாலும், சிலருக்கு ஆண்டுகள் கழித்து வெண்விழியே மெலிந்து கரையும் ஆபத்தை அவை உடன் கொணர்ந்தன.

1985இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கென்யனும் சகாக்களும் வெளியிட்ட முறையே திருப்புமுனையாயிற்று. வெண்விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில், மேலிமைக்குள் வெயில் படாது மறைந்திருக்கும் பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அறுத்த இடத்தில் ஒட்டுப் போடுவது அம்முறை. அவர்கள் சிகிச்சையளித்த 57 கண்களில் மூன்றில் மட்டுமே சதை திரும்பியது. அடித்திசு ஒட்டாதவாறு துண்டை மிக மெல்லியதாக உரித்தெடுப்பதிலும், அதன் கருவிழி ஓரம் மீண்டும் கருவிழி ஓரத்திலேயே அமையுமாறு பொருத்துவதிலும்தான் மருத்துவரின் கைத்திறன் வெளிப்படுகிறது. துண்டை நிலைநிறுத்த நுண்ணிழைத் தையலோ, இரத்தப் புரதத்தாலான ஃபைபிரின் பசையோ, சில இடங்களில் நோயாளியின் சொந்த இரத்தமோ பயன்படுகிறது; பசையிட்டால் நேரமும் உறுத்தலும் குறையும்.

சதை சிறிதாகவும் தொல்லையின்றியும் இருப்பின் அறுவை தேவையில்லை. அறுவை செய்துகொண்டோர், ஒரு நாள் வேலை தவறினாலும் சம்பளம் குறையும் தோட்ட வாழ்வில் தொடர்ந்து கண்ணைக் கவனிப்பது எளிதன்று எனினும், சில வாரங்களுக்கு அழற்சி தணிக்கும் சொட்டு மருந்தைத் தவறாது இடவேண்டும்; சதை திரும்புமாயின் பெரும்பாலும் முதலாண்டுக்குள்ளேயே தலைகாட்டும் என்பதால், அக்காலம் முழுதும் மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவரவும் வேண்டும்.