நின்றுபோன பழைய டிராக்டர் மறுபடி கிளம்பாமைக்குக் காரணங்கள்

சேற்றுழவு நடக்கும் சமயத்தில் டிராக்டர் வயல் நடுவில் நின்று, மறுபடி கிளம்ப மறுப்பது விவசாயிக்கு நேரிடும் தொல்லைகளில் லேசானதன்று. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருவது சில தினங்களே. நாற்றங்காலில் நாற்றுக்கோ வயது ஏறிக்கொண்டிருக்கும். வயது கடந்த நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய தருணத்தில் வரப்பில் கூடுகிற பத்துப் பேரும் பத்து யோசனை சொல்வார்கள். அவற்றைக் கேட்டு ஸ்டார்ட்டர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால் பாட்டரியும் இறங்கிப் போய், ஒரு கோளாறு இரண்டாகும்.

டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் நெருப்புப் பொறி கிடையாது. 1897-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ப் டீஸல் என்பவர் வெற்றிகரமாய் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவமே இன்றும் நிற்கிறது. ஸிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 அல்லது 17-இல் ஒரு பங்காக அமுக்க, அக்காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அச்சமயம் நாஸில் வழியாகப் பனித்துளி போல் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று காரியங்கள் வேண்டும்: போதிய வேகத்தில் சுழற்சி, தடையற்ற காற்று, உரிய அமுக்கத்தில் எண்ணெய். இவற்றுள் எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதே நோயறிதல் ஆகும்.

முதற்கண் கவனிக்க வேண்டியது, எஞ்சின் எவ்விதம் நின்றது என்பது. ஓட்டினவரை உடனே விசாரித்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். இழுவை குறைந்து, ஏறியும் இறங்கியும் தடுமாறி நின்றிருந்தால் அநேகமாய் எண்ணெய் வரத்தில் குறையுண்டு. ரேடியேட்டரில் ஆவி பறந்து, சூட்டு வாசனையுடன் நின்றிருந்தால் அது வேறு வியாதி: எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்கலாகாது, சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. திடீரென்று முரட்டுக் குலுக்கலுடன் இறுகி நின்றிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாமல் மெக்கானிக்கை அழைப்பதே உத்தமம். யாதொரு சத்தமுமின்றிச் சட்டென்று அணைந்திருந்தாலோ, எஞ்சினை நிறுத்தும் இழுகுமிழ் முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் அதன் கம்பி துருப்பிடித்து, குமிழ் உள்ளே போனாலும் பம்பிலுள்ள நெம்புகோல் நிறுத்தும் நிலையிலேயே தங்கிவிடுவதுண்டு. கையால் அதைத் தள்ளிவிட்ட மாத்திரத்தில் கிளம்பிய டிராக்டர்கள் பல.

அடுத்தது சுழற்சி. சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஒலியோடு சரி என்றால் பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவையும், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள பூமிக் கம்பியையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்கினாலே பெரும்பாலும் போதும். ஒரு முறைக்கு 10 அல்லது 15 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டலாகாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே ஓரிரு நிமிஷம் இளைப்பாற விட வேண்டும்.

எஞ்சின் நன்றாய்ச் சுழன்றும் பற்றவில்லையெனில் ஸைலென்ஸரைப் பார்க்கவேண்டும். வெண்புகை வந்தால் எண்ணெய் ஸிலிண்டரை அடைகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள்; குளிரோ, தேய்ந்த பிஸ்டன் வளையங்களால் அமுக்கம் போதாமையோ காரணமாகலாம். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. பதரும் தூசியும் அடைத்த காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கலாம். புகையே இல்லையேல் எண்ணெய் போகவில்லை. வயலில் நின்ற பழைய வண்டிகளில் மிகுதியாய்க் காணப்படுவது இந்தக் கடைசி வகையே ஆதலால் இதனைச் சற்று விரிவாய்க் கூறுவது அவசியம்.

எண்ணெயைக் குறுக்க முடியாது, காற்றைக் குறுக்கலாம். பல பழைய எஞ்சின்களில் நாஸில் திறப்பதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 175 முதல் 200 கிலோ வரை அமுக்கம் தேவை. குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பம்பின் தள்ளுதல் எல்லாம் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவழிந்து, நாஸில் திறவாமற் போகிறது. டாங்கியில் எண்ணெய் குறைவாய் இருக்கையில் வரப்பேறிச் சாய்ந்தால் ஒரு கணத்தில் காற்று புகுந்துவிடும். டாங்கிக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள பகுதி எண்ணெய் உறிஞ்சப்படும் பகுதியாதலின், அங்கே மூட்டுத் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் வடியாமலே காற்று உள்ளே போகக்கூடும்.

காற்றை வெளியேற்றும் முறை பின்வருமாறு. டாங்கியை நிரப்பிக் குழாயைத் திறந்து, திருகாணிகளைச் சுற்றியுள்ள சேற்றை முன்னதாகவே துடைத்துவிட வேண்டும். பில்டரின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியை ஓரிரு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கை நெம்புகோலை அடிக்க வேண்டும். முதலில் நுரையும், பிறகு குமிழியற்ற எண்ணெயும் வரும். அடிப்பதை நிறுத்தாமலே திருகாணியை இறுக்கிவிட வேண்டும். நெம்புகோல் கைக்கு எதிர்ப்பின்றித் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டதாக முடிவு கட்டலாகாது. உள்ளிருக்கும் காம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். எஞ்சினைச் சிறிது சுழற்றிவிட்டு அடித்தால் சரியாகும். பின்னர் இதேபோல் இஞ்ஜெக்ஷன் பம்பின் உடலிலுள்ள திருகாணியில் காற்றை நீக்கி, கடைசியாக நாஸில் குழாய்கள் இரண்டின் மரையை ஒரு சுற்றுத் தளர்த்தி, திராட்டிலை முழுவதும் திறந்து ஸ்டார்ட்டரை ஓட்டினால் மரையடியில் எண்ணெய் துடித்து வரும். உடனே இறுக்கிவிட்டால் எஞ்சின் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இவ்வேளையில் எண்ணெய் பீச்சும் இடத்தில் கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அமுக்கத்தில் வரும் மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஊசி குத்தினாற்போல் தோன்றினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது.

சில வண்டிகள் அரைமணி நேரம் ஓடி நின்று, பத்து நிமிஷம் பொறுத்தால் தாமே கிளம்பி, மறுபடி நிற்கும். பேய் பிடித்தது போன்ற இக்கோளாற்றுக்குக் காரணம் பலமுறை டாங்கியின் மூடியே. அதிலுள்ள சிறு காற்றுத்துவாரம் சேற்றால் அடைபட்டால், எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடுகிறது. மூடியைத் திறக்கையில் 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கப்பட்டால் சந்தேகம் தீர்ந்தது. டாங்கிக்குள் விழுந்த உமியோ இலைத் துணுக்கோ துவாரத்தில் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நின்றதும் மிதந்து விலகுவதும் இதே அடையாளத்தைக் காட்டும்.

மழைக்காலத்தில் வண்டல் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். டீஸலைவிடத் தண்ணீர் கனமானதாகையால் அடியில் தனியாய்த் தெரியும். வேலை முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பி வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் படிய இடமிராது.

மேற்கண்ட யாவும் செய்தும், எஞ்சின் சூடாயிருக்கும்போது மட்டும் கிளம்பாமல் ஆறின பிறகு கிளம்புமாயின், இஞ்ஜெக்ஷன் பம்பின் பிளஞ்சர்கள் தேய்ந்திருக்கலாம். சூட்டில் நீர்த்த எண்ணெய் தேய்ந்த இடைவெளி வழியே பின்வாங்கிவிடுகிறது. இது வயலில் தீரும் காரியமன்று. பம்பைச் சோதிக்கும் மேசையுள்ள பட்டறைக்கே அனுப்ப வேண்டும்.

இன்னொரு டிராக்டரைக் கொண்டு இழுத்துக் கிளப்பும் வழக்கம் கிராமங்களில் அதிகம். இறுகி நின்ற எஞ்சினையும், காற்றுக் குழாய் வழியே தண்ணீர் புகுந்திருக்கக்கூடிய எஞ்சினையும் அவ்விதம் இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்து, சில நூறு ரூபாயில் முடியவேண்டியது பெருஞ்செலவாகும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்துக் கிளப்ப முயல்வது அதனினும் அபாயம். காற்றுப் பாதையிலேயே அது தீப்பற்றி வெடிக்கும். கருவிப் பெட்டியில் காற்றுத் திருகாணிகளுக்கு ஏற்ற ஸ்பானர்கள் இரண்டு, செப்பு வாஷர்கள் சில, புதிய பில்டர் ஒன்று, சுத்தமான துணி ஆகியவற்றைப் பருவம் தொடங்குமுன் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.