அடைப்பு எடுத்த கால் மீண்டும் அடைக்காமல் இருக்க...

பத்து நிமிடம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நின்றால் சிறிது நேரத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது. ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும், யாருக்கோ காத்திருப்பவர் போல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை மும்பையில் எந்த ஸ்டேஷனிலும் பார்க்கலாம். "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்தே காலத்தைக் கடத்துவார்கள். கடைசியில் டாக்டரிடம் போனால்தான், காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது தெரிகிறது.

இந்த அடைப்பை இப்போது பெரிய ஆபரேஷன் இல்லாமலே நீக்குகிறார்கள். பெரும்பாலும் தொடை இடுக்கில் சிறு துளையிட்டு மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். அதன் நுனியில் உள்ள பலூனை அடைப்புள்ள இடத்தில் விரிக்கிறார்கள். இதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக் குழாயையும் வைத்துவிடுவார்கள். பலர் ஓரிரு நாளில் நடந்தே வீடு திரும்புகிறார்கள்.

தவறு தொடங்குவது அங்கேதான். அடைப்புப் போனதால் வியாதியே போய்விட்டதாக நினைக்கிறார்கள். போனது ஓர் இடத்து அடைப்பு மட்டுமே. அடைப்பை உண்டாக்கிய வியாதி உடம்பில் அப்படியே இருக்கிறது.

ஏன் மீண்டும் சுருங்குகிறது?

பலூன் விரியும்போது ரத்தக் குழாயின் உட்சுவர் கீறிப் புண்படுகிறது. இழுத்துவிட்ட ரப்பர் போலக் குழாய் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. புண் ஆறும்போது வெளியே தழும்பு தடிப்பதுபோல், உள்ளே சதைச் செல்கள் வளர்ந்து வழியை அடைக்கின்றன. இது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் நடக்கிறது. தொடையில் உள்ள நீண்ட குழாயில்தான் இந்தத் தொல்லை அதிகம். நடக்கும்போதும் உட்காரும்போதும் அது மடங்கி, முறுக்கி, நீண்டுகொண்டே இருப்பது ஒரு காரணம்.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் அடைப்பை முதன்முதலாகக் குழாய் செலுத்தி விரித்தார். அவர் கால் தப்பியது. 1974-ல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் முறையைக் கையாண்டார். அன்று முதல் டாக்டர்களை விடாமல் துரத்தும் கேள்வி, "மீண்டும் அடைக்காமல் இருக்க என்ன செய்வது?" என்பதுதான்.

2006-ல் வெளியான வியன்னா ஆராய்ச்சி ஒன்றில், தொடைக் குழாயில் பலூன் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு ஓராண்டில் மீண்டும் சுருங்கியிருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 37 பேர். செல் வளர்ச்சியைத் தடுக்கும் பேக்லிடாக்சல் மருந்து பூசிய பலூன்களும் ஸ்டென்ட்களும் பிறகு வந்தன. இவற்றால் மரணம் கூடுமோ என்று 2018-ல் ஓர் ஐயம் கிளம்பியது. கூடுதல் தரவுகளைப் பரிசீலித்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அந்த ஐயத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2023-ல் அறிவித்தது.

எந்தப் பலூன், எந்த ஸ்டென்ட் என்பது டாக்டர் பொறுப்பு. வீட்டுக்கு வந்தபின் நோயாளியின் பொறுப்பு நான்கு.

1. பீடியை விட வேண்டும்

முதல் எதிரி புகையிலை. அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, உட்சுவரைக் கெடுக்கிறது, ரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. "நாளைக்கு இரண்டே பீடி" என்ற சமாதானம் உதவாது. புகை இல்லை என்பதற்காகத் தம்பாக்கு, குட்கா, பல்லில் தேய்க்கும் மிஸ்ரி ஆகியவற்றுக்கு மாறுவதும் கூடாது. தானாக விட முடியாதவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

2. மாத்திரையை நிறுத்தக் கூடாது

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவற்றைத் தருவார்கள். சிலருக்கு ஆஸ்பிரினுடன் குறைந்த அளவு ரிவராக்சபான் தருவதும் உண்டு. காலுக்கும் இதயத்துக்கும் வரும் பெரிய ஆபத்துகளை அது குறைப்பதாக 2020-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி காட்டியது. ரத்தக் கசிவு சற்றுக் கூடும் என்பதும் அதில் தெரிந்தது. சிலஸ்டசால் மாத்திரை மறு அடைப்பைக் குறைக்கும் என்று ஜப்பானிய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பல் பிடுங்கப் போனால்கூட, தானாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். விலை கட்டவில்லை என்றால் ஜன் ஔஷதி கடைகளில் பல மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன.

3. நடக்க வேண்டும்

டாக்டர் அனுமதித்ததும் வாரம் மூன்று நாளாவது அரை மணி முதல் முக்கால் மணி வரை நடக்க வேண்டும். வலித்தால் நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்கலாம். இதனால் பக்கத்துச் சிறு குழாய்கள் ரத்தம் கொண்டுபோகப் பழகுகின்றன, தசையும் பலப்படுகிறது.

4. சோதனைக்குப் போக வேண்டும்

வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தவணையில் போக வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று பொருள். முன்பு இருந்ததைவிட 0.15-க்கு மேல் குறைந்தாலும் எச்சரிக்கைதான். சந்தேகம் இருந்தால் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். சுருக்கத்தை முழு அடைப்பாகும் முன்பே கண்டால் சரிசெய்வது சுலபம்.

ஊருக்குப் போகும்போது...

வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கிலி அறுந்துபோகும் இடம் ஊர்ப் பயணம். பத்து நாள் லீவு ஒரு மாதமாகிறது. மாத்திரை தீர்ந்துவிடுகிறது. "வலிதான் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே திடீரென்று கால் வலித்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், எந்தக் குழாயில் என்ன வைத்தார்கள் என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது; சீட்டு மும்பையில் பெட்டிக்குள் இருக்கும்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே கூடுதலாக ஒரு மாத மாத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலும், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டையும் பையில் இருக்க வேண்டும்.

நடக்கும் தூரம் குறைந்தாலோ, இரவில் பாதம் வலித்துக் காலைத் தொங்கப்போட்டால் சுகமாக இருந்தாலோ, விரலில் புண் ஆறாமல் இருந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத் தாமதம் காலையே பறித்துவிடும்.

மாதாமாதம் ஊருக்கு மணியார்டர் போன காலம் போய், இன்று கைபேசியில் பணம் போகிறது. அந்தப் பணத்தைச் சம்பாதிப்பது நிற்கவும் நடக்கவும் முடிகிற இரண்டு கால்கள்தான். திறந்த வழியை டாக்டர் திறந்துவிட்டார். அதை மூடாமல் காப்பது காலுக்கு உரியவர் கையில் இருக்கிறது.