மழையில் மின்னேற்றம்

பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் இயங்கும் மகிழுந்துகளுள் சிலவற்றை வீட்டு வாயிலிலேயே மின்னேற்றம் செய்யலாம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது திறந்தவெளியில் மின்னேற்றம் செய்வது தீங்கு விளைவிக்காதா?

செருகியை மகிழுந்தில் பொருத்திய நொடியிலேயே மின்சாரம் பாய்ந்துவிடாது. மின்னேற்றியும் மகிழுந்தும் முதலில் 12 வோல்ட் அளவிலான குறிப்பின் வழியாக இணைப்பைச் சரிபார்க்கும். செருகி முழுமையாகப் பொருந்திய பின்னரே மின்னோட்டம் தொடங்கும். கழற்ற முற்பட்டால் நின்றுவிடும். எனவே, பழுதற்ற கருவியாயின் மகிழுந்தின் பக்கம் மழைத்துளி பட்டாலும் அச்சமில்லை.

இடர் இருப்பது மறுமுனையில். வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துளைகளில் 230 வோல்ட் மின்சாரம் காத்திருக்கக்கூடும். அவ்விடம் நனையாதவாறு மூடி அமைத்தல் வேண்டும். நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் இன்றியமையாதவை. சாதாரண நீட்டிப்புப் பெட்டியை ஈரத்தரையில் வைத்து மின்னேற்றுவது உயிருக்கே கேடாகலாம்.

கம்பிவடம் கிழிந்திருந்தாலோ, தரையில் நீர் தேங்கியிருந்தாலோ மின்னேற்றத்தைத் தவிர்த்தலே அறிவுடைமை. அவற்றைக் காணும் சிறுவர், தாம் தொடாமல் பெரியோரிடம் உடனே கூறுதல் நன்று.