டர்போ காரில் பூஸ்ட் கண்ட்ரோலர் மாட்டலாமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றி டர்போ கார்களுக்குப் பஞ்சமே இல்லை. தெற்கே மஹிந்திரா சிட்டியில் 2007-ல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலை. வடக்கே மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த ஈகோஸ்போர்ட், 2013-லேயே 1 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினுடன் வந்தது. ஒரகடம் சாலையில் திரும்பினால் ரெனோ ஆலை; மேக்னைட், கைகர் டர்போ எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

1 லிட்டர் இன்ஜினில் 100 பிஎஸ் பவர் என்பதே நல்ல விஷயம்தான். ஆனால் அதை வாங்கி, வார இறுதியில் ஜிஎஸ்டி சாலையில் திண்டிவனம் வரை ஒரு ரவுண்டு போய்வந்த பலருக்கும் அடுத்து வரும் ஆசை, ‘இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏத்தினா என்ன?’ ஆன்லைனில் தேடினால், கட்டைவிரல் அளவில், திருகு வைத்த ஒரு உலோகக் குழாய் வந்து நிற்கும். அதுதான் மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர். வண்டியின் விலையோடு பார்த்தால் ரொம்ப சீப். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அது என்ன செய்கிறது?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழல்கிறது. மறுபக்கம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் அளவு மீறாமல் இருக்க, புகையின் ஒரு பகுதியை டர்போவைத் தொடாமல் வெளியே விடும் சிறு கதவு இருக்கிறது. பெயர் வேஸ்ட்கேட். அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் டயாஃப்ரம். டர்போவிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக வரும் காற்று ஸ்பிரிங்கை வென்றதும் கதவு திறக்கும்.

பூஸ்ட் கண்ட்ரோலர் உட்காருவது அந்த ஹோஸின் நடுவில். ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றைக் குறைத்து, ‘அழுத்தம் இன்னும் ஏறவில்லை’ என்று அதை நம்ப வைக்கிறது. கதவு தாமதமாகத் திறக்க, பூஸ்ட் ஏறுகிறது. சுருக்கமாகச் சொன்னால், ஆக்சுவேட்டரை ஏமாற்றும் கருவி.

உங்கள் காருக்குப் பொருந்துமா?

எந்த பிராண்டு என்பதைவிட முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஸ்பிரிங்கும் ஹோஸும் மட்டுமே உள்ள பழைய டர்போக்களுக்காக வந்தவை இந்த மேனுவல் கருவிகள். இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் வேஸ்ட்கேட்டை இயக்குவதே ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பூஸ்ட் என்ற கணக்கு அதனிடம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு திருகைப் போட்டு அதைத் தாண்டினால், சென்சார் வழியாகக் கண்டுபிடித்து பவரைக் குறைத்துவிடும். ‘செக் இன்ஜின்’ விளக்கு எரியும், கார் லிம்ப் மோடுக்குப் போகும். காசு கொடுத்துப் பவரைக் குறைத்த கதை!

டீசலில் நிலைமை வேறு. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் வந்த 1.3 மல்டிஜெட் இன்ஜினின் 75 பிஎஸ் வகையில் வேஸ்ட்கேட் உள்ள சாதாரண டர்போ. 90 பிஎஸ் வகையில் இருந்தது வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ. அதில் வேஸ்ட்கேட் கிடையாது, எனவே இந்தக் கருவிக்கு வேலையும் இல்லை. தவிர, டீசலில் பவரைத் தீர்மானிப்பது செலுத்தப்படும் எரிபொருளின் அளவு. காற்றை மட்டும் ஏற்றினால் பெரிய பலன் கிடைக்காது.

சென்னை வெயில் என்ற வில்லன்

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். 35 டிகிரி வெயிலில் 1 பார் பூஸ்ட், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், டர்போவை விட்டு வெளியே வரும் காற்று சுமார் 130 டிகிரி. அதோடு 0.2 பார், அதாவது சுமார் 3 பிஎஸ்ஐ கூட்டினால் இன்னும் 15 டிகிரி ஏறும். இன்டர்கூலர் இதைக் குறைக்கும். ஆனால் சிக்னலில் நின்று நின்று போகும் கார் மீது காற்றே வீசாதபோது அதுவும் திணறும்.

பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்று அளவுக்கு மீறிச் சூடானால், ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவுவதற்குள் மீதி எரிபொருள் தானாகவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். லேசாக இருந்தால் ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், ஓட்டையும் விழலாம். ஆக்டேன் அதிகமான பெட்ரோல் இதற்குக் கொஞ்சம் உதவும். இன்னொன்று, எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. எனவே பூஸ்ட்டை ஏற்றும்போது இன்ஜெக்டரும் பம்பும் ஈடுகொடுக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஈசியூ பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் காரில் சரியான பூஸ்ட் கண்ட்ரோலர், அந்த ஈசியூவேதான். அந்த இன்ஜினில் அனுபவமுள்ள டியூனர் செய்யும் ரீமேப்பில் பூஸ்ட், எரிபொருள், டைமிங் மூன்றும் சேர்ந்தே மாறும். சென்சாருக்குப் பொய் சொல்லிப் பூஸ்ட்டை ஏற்றும் டியூனிங் பாக்ஸ்களும் கிடைக்கின்றன. எளிதில் கழற்றலாம் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. ஆனால் அழுத்தம் குறைவு என்று நம்பும் ஈசியூவின் பாதுகாப்பு எல்லையும் அதே அளவுக்குத் தள்ளிப்போகிறது.

பழைய வகை டர்போ என்றால், கேட்க வேண்டிய கேள்வி ‘இது பழுதானால் என்ன ஆகும்?’ மேனுவல் கருவியிலிருந்து ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். சோலனாய்டு வால்வு உள்ள எலக்ட்ரானிக் கண்ட்ரோலரைச் சரியாக இணைத்திருந்தால், மின்சாரம் போனாலும் பூஸ்ட் ஸ்பிரிங்கின் அளவுக்கு இறங்கிவிடும். எல்லை மீறினால் தானே குறைக்கும் ஓவர்பூஸ்ட் பாதுகாப்பும் பலவற்றில் உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் புது இன்ஜினைவிடக் குறைவு. ஹோஸ் கழன்றால் காப்பாற்ற இதனாலும் முடியாது என்பதால் கிளாம்ப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எதை வாங்கினாலும் அதற்கு முன்பே பூஸ்ட் கேஜ் மாட்டி, கம்பெனி செட்டிங்கில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துவைப்பது அவசியம். அது தெரியாமல் 3 பிஎஸ்ஐ கூட்டுவது எதோடு கூட்டுவது?

சட்டம், இன்சூரன்ஸ்

ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வாரண்டி காலத்தில் இன்ஜினோ கியர்பாக்ஸோ போனால் கம்பெனி கைவிரிக்க இது ஒன்றே போதும். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

இத்தனைக்குப் பிறகும் ஏற்றித்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு, சோதிக்கும் இடம் ஜிஎஸ்டி சாலை அல்ல, டைனோ. அரை அல்லது 1 பிஎஸ்ஐ வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறதா என்று டியூனரிடம் கேட்க வேண்டும். ‘ஆமாம்’ என்றால் ஒரு படி இறக்கி, அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.