கடினமும் சந்தையும்: ‘சுப்பர் மரியோ’ விளையாட்டுத் தொடர் பற்றிய ஒரு நோக்கு

நீண்டகாலம் நிலைத்துவரும் எந்தக் கலைவடிவத்தையும் விளையாட்டையும் பற்றி, “முன்பிருந்த கடினம் இன்றில்லை” என மூத்தோர் குறைகூறுவது வழக்கம. வீடியோ விளையாட்டுகள் தொடர்பாகவும் இக்குறை இன்று பரவலாகக் கேட்கிறது. இதனை ரசனையின் வீழ்ச்சி என்று கூறி அமைதல் எளிது. ஆனால் ரசனை தானாகத் தோன்றித் தானாக மறைவதில்லை. ஒரு விளையாட்டு எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டு, எவ்வாறு விற்கப்படுகிறது என்பதோடு அதன் கடினமும் பிணைந்துள்ளது. யப்பானிய நிறுவனமான நின்ரெண்டோவின் ‘மரியோ’ விளையாட்டுகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவருவதால், இவ்வுண்மையை ஆராய்வதற்கு அவை ஏற்ற சான்றாகின்றன.

மரியோ என்னும் பாத்திரம் முதன்முதலில் தோன்றியது 1981 இல் வெளிவந்த ‘டொங்கி கொங்’ விளையாட்டிலாகும். அது பொதுவிடங்களில் நாணயமிட்டு ஆடும் இயந்திரம். ஆடுபவர் நெடுநேரம் தோற்காது நின்றால் இயந்திர உரிமையாளரின் வருவாய் குறையும். விரைவில் தோற்றால் அடுத்த நாணயம் விழும். கடினம் இங்கு வருவாயீட்டும் கருவியாகவே அமைந்தது. 1985 இல் வெளிவந்த ‘சுப்பர் மரியோ பிரதர்ஸ்’ வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கானது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய பின்னர் தோல்விக்குத் தனிக்கட்டணம் இல்லை. எனினும் நாணய இயந்திரத்தின் இலக்கணம் உடனே மறைந்துவிடவில்லை. தொடக்கத்தில் மூன்று ‘உயிர்கள்’. அவை தீர்ந்தால் ஆட்டம் முடிவு. இடையில் நிறுத்திச் சேமித்து வைக்கும் வசதியும் இல்லை. 40 கிலோபைற் அளவே கொண்ட அச்சிறு விளையாட்டை நெடுநாள் ஆடச்செய்யவும் கடினம் உதவிற்று.

1986 இல் யப்பானில் வெளிவந்த இரண்டாம் பாகம் முன்னையதிலும் கடினமானது. அமெரிக்கச் சந்தைக்கு அது மிகக் கடினமெனக் கருதப்பட்டமையால், 1988 இல் வேறொரு யப்பானிய விளையாட்டு மரியோவின் உருவங்களோடு மாற்றியமைக்கப்பட்டு அங்கே இரண்டாம் பாகமாக விற்கப்பட்டது. எது கடினம், எது எளிது என்பதைச் சந்தை தீர்மானித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதுவரை ஆடாதோரையும் ஈர்க்கும் நோக்குடன் 2006 இல் வெளியிடப்பட்ட ‘வீ’ என்னும் கருவி பத்துக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அக்கருவிக்கென 2009 இல் வந்த மரியோ விளையாட்டில், ஒரே கட்டத்தில் எட்டுமுறை தோற்றவருக்கு இயந்திரமே அக்கட்டத்தை ஆடிக்காட்டும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. 2017 இன் ‘ஒடிசி’யில் ‘உயிர்கள்’ என்னும் கணக்கே நீக்கப்பட்டது. 2023 இன் ‘வொண்டர்’ விளையாட்டில் சில பாத்திரங்களைத் தெரிவுசெய்வோரைப் பகைவர் தாக்கினும் ஊறு நேர்வதில்லை. எனினும் மிகக் கடினமான கட்டங்கள் இவ்விரண்டிலும் உள்ளன. விரும்புவோர் அவற்றைத் தேடிச்சென்று ஆடலாம்.

இம்மாற்றத்தின் உந்துவிசை இலாபமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவு இலாபத்தோடு நின்றுவிடவில்லை. முன்னர் வெளியே நிறுத்தப்பட்ட சிறுவரும் முதியோரும் விரைவாகக் கையசைக்க இயலாதோரும் உள்ளே வரமுடிந்தது. பழைய கடினத்தைப் போற்றும் ஏக்கத்திற்கும் ஒரு வர்க்கத் தளம் உண்டு. அக்காலத்தில் கருவி வாங்கப் பணமும், அதனை இயக்க மின்சாரமும் உடையோரின் இளமை நினைவு அது. 1990 இன் பின்னர் பல ஆண்டுகள் மின்சாரமின்றி, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறுவர்க்கு அந்நினைவு எங்ஙனம் வாய்க்கும்?

எளிமையாக்கம் யாவும் சிதைவு என்போர் நமது கூத்தின் வரலாற்றை நோக்குதல் நன்று. இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனையில் சுருக்கி நவீன அரங்கிற்கு ஏற்றவாறு அமைத்தார். 1962 இன் ‘கர்ணன் போர்’, பின்னர் வந்த ‘இராவணேசன்’ முதலியன இம்முயற்சியின் பேறுகள். பார்ப்போருக்கு நுழைவு எளிதாயிற்று. ஆடுவோருக்கு ஆட்டமும் பாட்டும் வேண்டிய பயிற்சி குன்றவில்லை. நுழைவாயிலை அகலமாக்குவது வேறு. கலையின் உட்கடினத்தை அழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் செய்யும் விமர்சனம் பண்டிதர் மனோபாவத்தின் மறுவடிவமாகவே முடியும்.

உண்மையான பின்னடைவு வேறோரிடத்தில் நிகழ்கிறது. 2012 இல் வெளிவந்த ‘கன்டி கிரஷ் சாகா’ என்னும் விளையாட்டைக் கைத்தொலைபேசியில் இலவசமாகப் பெறலாம். ஆனால் ஐந்து உயிர்கள் தீர்ந்தால், ஓர் உயிர் மீள அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்க இயலாதவர் பணம் கொடுக்கலாம். மரியோவின் பெயரிலேயே 2019 இல் தொடங்கி 2021 இல் நிறுத்தப்பட்ட ‘டொக்ரர் மரியோ வேர்ள்ட்’ என்னும் கைத்தொலைபேசி விளையாட்டும் இத்தகைய முறையைக் கைக்கொண்டது. பொதுவிடத்து நாணய இயந்திரம் இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. கடினம் இங்கு மீண்டும் விற்பனைப் பண்டமாகிறது. தொலைபேசி ஒன்றே வசதியாகவுள்ள நமது இளைஞரை நேரடியாகத் தொடுவதும் இதுவே.

ஆகவே, ஒரு விளையாட்டு முன்னையதிலும் எளிதாயிற்றா என்பதோடு நமது ஆய்வு நின்றுவிடலாகாது. அதன் கடினத்தை யார் நிர்ணயிக்கின்றனர், அதனால் யார் பயனடைகின்றனர், அதனைக் கூட்டவும் குறைக்கவும் ஆடுபவருக்கு உரிமை உண்டா என்னும் வினாக்களை எழுப்பும்போதே அது சமூகவியல் ஆய்வாக நிறைவுறும்.