4ஜி இருந்தும் பேச முடியாத போன்

2024 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கின. 3ஜி போன்களோடு 4ஜி போன்கள் சிலவும் அடிபட்டன.

4ஜி அடிப்படையில் டேட்டாவுக்கான நெட்வொர்க். குரலையும் டேட்டாவாக மாற்றி அனுப்பும் வோல்டீ வசதி இல்லாத போன், பேசுவதற்கு மட்டும் 3ஜிக்கு இறங்கிவிடும். வோல்டீ இருந்தாலும் அந்தந்த நெட்வொர்க்குக்கான செட்டிங் போனின் மென்பொருளில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய போன்கள் பல இங்கேதான் சிக்குகின்றன.

இதைவிட ஆபத்தான ரகம் ஒன்று உண்டு. சாதாரண அழைப்புகளை 4ஜியிலேயே பேசும். அவசர எண்ணான 000-ஐ அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும். வீட்டில் ஒருவர் நெஞ்சுவலியால் துடிக்கும் நேரத்தில்தான் அந்தக் குறை தெரியவரும்! அதனால்தான் இத்தகைய போன்களுக்கு இணைப்பே தரக் கூடாது என்று அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. கடுமையான முடிவுதான், ஆனால் சரியான முடிவு.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே சிம் வாங்கிப் போடும் எண்ணமிருந்தால், தங்கள் போன் மாடல் செல்லுமா என்று கிளம்பும் முன்பே சிம் தரும் நிறுவனத்திடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.