பதக்கமும் சேம அச்சும்

உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் உலர்த்தி உப்பு விளைவிக்கும் கடற்கரையூர் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள இவ்வூரே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுவர். பண்டைக் காலத்தில் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாடுகளுக்குக் கொண்டு சென்று விற்றவர் உமணர் எனப்பட்டனர். அவர்கள் சென்ற வழியில் மேடும் உண்டு; பள்ளமும் உண்டு. எருதுகளோ இளையன, பாரமோ பெரிது. ஆதலின், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வேறோர் அச்சினை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் இச்சேம அச்சுக்கே ஒப்பிட்டுப் பாராட்டினார்.

எருது பூட்டிய வண்டி போய் இயந்திர வண்டி வந்த இக்காலத்தும் அம்முன்னெச்சரிக்கை வேண்டப்படுகிறது. ராலி என்னும் நெடுவழிக் கார்ப்போட்டியே இதற்குச் சான்று. இப்போட்டியில் கார்கள் ஒருங்கே புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். ஓட்டுநர் அருகே வழித்துணைவர் ஒருவர் அமர்ந்து, அடுத்து வரும் வளைவு எத்தகையது என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்துக் கூறிக்கொண்டே இருப்பார். மொத்தத்தில் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவரே வென்றவர் ஆவார். எனவே வேகம் மட்டும் போதாது. வண்டி பழுதுறாமல் காக்கும் விழிப்பும், மாற்றுச் சக்கரமும், உற்ற கருவிகளும் வேண்டும்.

இத்துறையில் புகழ் பெற்றவர் கோயம்புத்தூர் ஜி. ஆர். கார்த்திகேயன். அவர் தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்றவர். அவருடைய மகன் நரேன் கார்த்திகேயன், தந்தையின் வழியே இளமையில் கார்ப்பந்தயத்தில் ஆர்வம் கொண்டார். 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

அவ்விருதுப் பதக்கம் வெண்கலத்தால் ஆனது. நடுவில் தாமரை மலர் பொறிக்கப்பெற்றது. அவ்விருதைப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டமாகச் சேர்த்துக்கொள்ள விதி இடந்தராது. பதக்கத்தின் பெருமை அதன் உலோகத்திலும் இல்லை, பட்டத்திலும் இல்லை, அதனை ஈட்டிய உழைப்பிலேயே உள்ளது.

மார்பில் விளங்கும் பதக்கத்தை அனைவரும் காண்பர். வண்டியின் அடியில் மறைந்திருக்கும் சேம அச்சைக் காண்பவர் சிலரே. ஆயினும் பாரம் ஊர் சேர்வது அதனாலன்றோ? வென்றவரைப் போற்றும்பொழுது, அவருக்கு முன்னே வழி நடந்தவரையும் நினைத்தல் நம் கடனாகும்.